படைவீரர் குடிவழி ஆய்வு: சுந்தரபாண்டியம் வட்டாரத்தை முன்வைத்துச் சில கருத்துகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் படைத்தொழில் செய்து, பின்னர் ஓர் ஊரில் நிலம்பெற்றுத் தங்கிய குடும்பங்களின் வரலாறு தமிழாய்வில் இருமுனைகளிலும் தேய்ந்துவருகிறது. ஒருமுனையில், பாட்டன் பெயரை எப்படியாவது ஒரு பாளையக்காரரோடு இணைத்துவிடும் வம்சாவளிப் பெருமை நிற்கிறது. மறுமுனையில், செப்பேடும் கல்வெட்டும் இல்லாத குடிக்கு எழுதத்தக்க வரலாறே இல்லை என்னும் அலட்சியம் நிற்கிறது. இரண்டும் ஒரே பிழையின் இரு தோற்றங்களே. வத்திராயிருப்பை அடுத்த சுந்தரபாண்டியம் தொடங்கித் திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சேத்தூர் வரை நீளும் மலையடிவாரப் பகுதி இப்பிழையை உணர்த்துவதற்கும் திருத்துவதற்கும் ஏற்ற களமாகும்.

இப்பகுதியில் ‘குடியேறியவர்’, ‘படைவீரர்’ என்பன தனித்தனி ஆட்களைக் குறிக்கும் சொற்கள் அல்ல. பாளையப்பட்டு முறையில் படைப்பணிக்கு ஊதியமாக நிலமே வழங்கப்பட்டது. அமரம், கட்டுப்படி முதலிய மானியங்களைப் பெற்றவர் போர்க்காலத்தில் ஈட்டியோடும் பிற காலங்களில் ஏரோடும் நின்றார். 1801ஆம் ஆண்டுப் போர் முடிந்தபின், அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் எட்வர்டு கிளைவு பிறப்பித்த அறிக்கை படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1803இல் நிலையான வரித்தீர்வு பாளையக்காரரைச் சமீன்தாராக்கியது. தலைவர் பட்டம் மாறியும் நிலைத்தார். அவருக்காகப் போரிட்டவர் என்ன ஆனார் என்ற வினாவைச் சமீன் வரலாறுகள் கேட்பதில்லை. உழவுக்குத் திரும்பியவரும் காவல் தொழிலைத் தொடர்ந்தவரும் கும்பினிப் பட்டாளத்தில் சேர்ந்தவருமாக அவர்கள் பிரிந்தனர். ஆய்வு தொடங்கவேண்டிய இடம் இந்தப் பிரிவே.

சான்றுகள் எத்துணைச் சமமின்றிக் கிடைக்கின்றன என்பதற்கு ஒரே போரில் எதிரெதிர் நின்ற இருவர் சான்றாவர். சேம்சு வெல்சு மதுரையில் பணியாற்றிய காலத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டியெறியவும் வளரி வீசவும் கற்றவர். 1801இல் அவருக்கு எதிராகவே போரிட்டவர். 1830இல் அவருடைய படைநினைவுகள் இரு தொகுதிகளாக இலண்டனில் அச்சேறின. அவரைப் போன்ற அதிகாரி ஒருவரின் பிறப்பு, திருமணம், பதவியுயர்வு, இறப்பு ஆகியவற்றை இந்தியா அலுவலக ஆவணங்களிலும் திருச்சபைப் பதிவுகளிலும் தொடர்ச்சியாகக் காணலாம். சின்ன மருதுவின் மகன் துரைசாமியோ, பதினைந்து வயதளவில் எழுபதுக்கும் மேற்பட்டோருடன் 1802இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். 1818இல் வெல்சு அவரை அங்குச் சந்தித்தார். இளமையில் தாம் அறிந்திருந்த அம்மனிதரை உடனே அடையாளங்காண இயலாதவாறு அவர் தளர்ந்திருந்ததை வெல்சே பதிவுசெய்துள்ளார். துரைசாமியின் பிற்கால வாழ்வைப் பற்றிய அரிய நேர்சான்று, அவருடைய தந்தையை எதிர்த்த படையின் அதிகாரி எழுதியதாக அமைந்தது கசப்பான உண்மை. தலைவர் மகனுக்கே இந்நிலையெனில், அதே கப்பலில் சென்ற ஏனையோரின் வீடுகளைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

இதனால் சாதாரணச் சிப்பாயின் குடும்பத்தை அறிய வழியே இல்லை எனக் கொள்வது தவறு. சென்னைப் படைக்கு ஒரு தனித்தன்மை இருந்தது: அதன் சிப்பாய்கள் குடும்பத்தோடு பட்டாளத்திலேயே வாழ்ந்தனர். கடல்கடந்து சென்றபோது ஊதியத்தில் ஒரு பகுதியைக் குடும்பம் பெற்றுக்கொள்ளச் சான்றிதழ் வழங்கப்பட்டது. படைவீரரின் புதல்வரைச் சிறுவயதிலேயே ‘ரெக்ரூட் பாய்’ எனப் பட்டியலில் சேர்த்துச் சிறு ஊதியம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. எனவே கணவன்–மனைவி, தந்தை–மகன் உறவுகள் படைக்கணக்கிலேயே இடம்பெற வாய்ப்புண்டு. பர்மாவிலும் நீரிணைக் குடியேற்றங்களிலும் காவலிருந்த சென்னைப் படைப்பிரிவுகளின் தடத்தைப் பினாங்கின் ‘சிப்பாய் லைன்சு’ என்னும் இடப்பெயர் இன்றும் காட்டுகிறது. டபிள்யூ. சே. வில்சனின் சென்னைப் படை வரலாறு ஐந்து தொகுதிகள் கொண்டது. எப்பிரிவு எவ்வாண்டு எங்கிருந்தது என்பதை அறிய அது கைவிளக்கு. ஆயினும் தமிழ்த்துறை ஆய்வேடுகள் அதனைப் பெரும்பாலும் போர்ச்செய்தி எடுக்கவே புரட்டுகின்றன.

உண்மையான இடர் பெயரில் உள்ளது. ஐரோப்பியக் குடிவழி ஆய்வு குடும்பப்பெயரைப் பற்றிக்கொண்டு நடப்பது. தமிழ்ப் பெயருக்கு அந்தக் கைப்பிடி இல்லை. மருது என்ற பெயரே ஆங்கில ஏடுகளில் ‘முர்டூ’ என்றும் பிறவாறும் திரிந்திருக்க, லகர ளகர ழகர வேறுபாடுகள் ஓரெழுத்தில் அடங்கிப்போன சிப்பாய்ப் பட்டியலில் ஒரு முத்துசாமியை மற்றொரு முத்துசாமியிடமிருந்து பிரிப்பது எளிதன்று. ஆனால் பாட்டன் பெயரைப் பெறுபவனே பெயரன் என்னும் நம் மரபு இங்கே துணைநிற்கும். ஒருவிட்டு ஒரு தலைமுறையில் அதே பெயர் திரும்பிவருவது வரிசையைச் சரிபார்க்கும் அளவுகோல். அதுவே பொறியும் ஆகும்: பாட்டனையும் பெயரனையும் ஒருவராக்கி ஐம்பது ஆண்டுகளை விழுங்கிய குடிவழிப் பட்டியல்கள் உண்டு. இராசபாளையம் பகுதியில் தெலுங்கு பேசும் குடிகளிடம் வீட்டுப்பெயர் வழங்குவதால் அவர்களின் வரலாறு ஓரளவு எளிதில் பின்தொடரத்தக்கது. அக்குடிகளுக்குக் கிடைக்கும் சான்றுச் செறிவை, வீட்டுப்பெயர் இல்லாத குடிகளைவிடத் தொன்மை மிக்கவர்கள் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது முறையன்று.

பெயர் கைவிடும் இடத்தில் குலதெய்வம் கைகொடுக்கிறது. புதிய ஊருக்குப் பெயர்ந்தவர் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து தெய்வத்தை நிலைநிறுத்துவது தென்மாவட்ட வழக்கம். மாசிச் சிவராத்திரியிலோ பங்குனி உத்திரத்திலோ அங்குக் கூடும் பங்காளிகளின் வரிப்பட்டியலும் முதல் மரியாதை பெறும் வரிசையும் மூத்தவழி, இளையவழிகளைத் தெளிவாகக் காட்டுகின்றன. ‘எந்தக் கோயிலிலிருந்து பிடிமண் வந்தது’ என்ற ஒரு வினா, ‘உங்கள் முன்னோர் எந்த அரசரிடம் தளபதி’ என்ற வினாவைவிட உண்மையை நெருங்கச்செய்யும். வாய்மொழி வரலாறு என்ற பெயரில் பின்னதையே கேட்டுவிட்டுத் திரும்பும் களப்பணிகள் கேட்டவர் விரும்பிய விடையைத்தான் பெறுகின்றன. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) குடியேற்ற நினைவைப் புனைவாக்கி வென்றது. ஆனால் அப்புனைவையே களச்சான்றாக மேற்கோள் காட்டும் போக்கு அப்படைப்புக்கும் நியாயம் செய்வதன்று.

வம்சாவளி நூல்களை முற்றிலும் ஒதுக்கவும் கூடாது. எட்டையபுரத்து அரச மரபைக் கூறும் ‘வம்சமணி தீபிகை’ 1879இல் வெளிவந்தது. அதனை நல்ல தமிழ் நடையில் திருத்தி எழுதித்தர முன்வந்து 1919இல் பாரதி அச்சமீன்தாருக்கு விண்ணப்பித்தார். அத்தகைய நூல், அது கூறும் பழங்காலத்தைவிட அது எழுதப்பட்ட காலத்துக்கே வலுவான சான்று: அவ்வேளையில் யார் உறவினராக ஏற்கப்பட்டனர், யார் விடப்பட்டனர் என்பதை அது காட்டும். சிவகங்கைச் சரித்திரக் கும்மி, நா. வானமாமலை பதிப்பித்த கான்சாகிபு கதைப்பாடல் ஆகியவற்றையும் இந்நோக்கில் மறுபடி வாசிக்கலாம்.

வாழும் தலைமுறையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்வதும், சங்கிலி அறுந்த இடத்தில் நிற்பதுமே இத்துறைக்குரிய நெறி. மேலிருந்து ஒரு வீரரைத் தேர்ந்து கீழ்நோக்கி வரும் ஆய்வு அறுந்த இடத்தைக் கற்பனையால் முடிச்சிடுகிறது. சாதி அமைப்புகள் முன்னோரை உரிமை கொண்டாடிச் சிலையும் விழாவும் எடுக்கும் காலத்தில், பல்கலைக்கழக ஏடு ஒன்றில் வெளிவரும் அத்தகைய முடிச்சு மறுநாளே சுவரொட்டியில் சான்றாகிவிடும். ஆய்வேட்டை மதிப்பிடுவோர் இதனை மொழிநடைக் குறையாகக் கருதாமல் முறையியல் குறையாகவே கொண்டு திருப்பியனுப்பவேண்டும்.

இவ்வட்டாரத்தைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. திருவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு உருவான இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாறியது. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துள் வந்தது. ஆகவே சுந்தரபாண்டியத்தில் ஒரு படைவீரர் பெற்ற மானிய நிலத்தை விருதுநகரில் மட்டும் தேடுபவர் வெறுங்கையோடு திரும்ப நேரும். 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகளைத் திருநெல்வேலி மாவட்டத் தலைப்பின்கீழ்ப் பார்க்கவேண்டும். முதலில் மானியம் பெற்றவருக்கும் அன்றைய அனுபவதாரருக்கும் உள்ள உறவை அவை குறிப்பதால், மூன்று தலைமுறைகள் ஒரே வரியில் கிடைப்பதும் உண்டு. அவ்வரியில் உள்ள பெயரை ஊர்க்கோயிலின் வரிப்பட்டியலோடு ஒப்பிட ஒரு முதுகலை மாணவருக்கு இரண்டு பங்குனிகள் போதும்.