பானையும் நாற்காலியும்

பள்ளிக்கூடத்தில் தலித் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு தண்ணீர்ப் பானை. ஒரு பையன் அதை உடைத்தான். வேறு பானை வைத்தார்கள், அதையும் உடைத்தான். காட்டுமன்னார்கோவில் பக்கம் இன்றும் சொல்லப்படும் இந்தக் கதையின் நாயகன் எல். இளையபெருமாள் (1924–2005). 1952இல், முதல் பொதுத்தேர்தலிலேயே மக்களவைக்குப் போனவர்.

ஆனால், ஜனநாயகம் என்றதும் பாடப்புத்தகம் நம்மை இவரிடம் அல்ல, ஏதென்ஸுக்கு அழைத்துப் போய்விடுகிறது. அதன் தலைவர் பெரிக்கிளிஸ் பெரிய மனிதர், மறுப்பதற்கில்லை. நீதிமன்றத்தில் அமரும் குடிமக்களுக்குப் படி கொடுக்க ஏற்பாடு செய்தார். அன்றாடங்காய்ச்சியும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நியாயம் சொல்ல வர முடிந்தது. பார்த்தெனன் கோயில் எழுந்ததும் அவர் காலத்தில்தான். ஆனால், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை என்று கி.மு. 451இல் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. பெண்களும் அடிமைகளும் முன்பே வெளியில் நின்றவர்கள். பின்னாளில் கொள்ளைநோய்க்கு இரு மகன்களைப் பறிகொடுத்து, வெளியூர்க்காரியான துணைவி அஸ்பாசியாவுக்குப் பிறந்த பிள்ளைக்காகத் தன் சட்டத்திலிருந்தே விலக்குக் கேட்டு அவர் நிற்க நேர்ந்தது.

பிறப்பைக் காவலுக்கு நிறுத்திய வாசல் நமக்குப் புதிதல்ல. பிறப்பைக் காட்டித் தடுக்கப்பட்டு, சிவபக்தர் நந்தன் கோயிலுக்கு வெளியே நின்ற ஊர் சிதம்பரம். அந்த நந்தன் பெயரில்தான் 1916இல் சுவாமி சகஜானந்தா அங்கே பள்ளி தொடங்கினார். பிறகு சட்டமன்றத்திலும் அமர்ந்தார்.

இளையபெருமாளின் பெயரை வரலாற்றில் நிறுத்தியது ஓர் அறிக்கை. தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை குறித்தும் ஆராய மத்திய அரசு 1965இல் அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். 1969இல் அறிக்கை வந்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைச் சட்டம் எவ்வளவு பலவீனமானது என்று அது எடுத்துக்காட்டிய பிறகே, 1976இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரும் மாறியது. அறிக்கையின் இன்னொரு பரிந்துரை கோயிலுக்குள் போனது: வாரிசு முறை அர்ச்சகர் பணியை ஒழிக்க வேண்டும். பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்திருந்த நேரம். வாரிசுரிமையை ஒழித்து 1970இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய அறநிலையச் சட்டத் திருத்தத்துக்கு இந்தப் பரிந்துரையும் காரணமாகச் சொல்லப்பட்டது. 1972இல் உச்ச நீதிமன்றம் வாரிசுரிமை ஒழிப்பை ஏற்றது. ஆகமத்தை மீற முடியாது என்றும் சொல்லிவிட்டது. பயிற்சி பெற்ற பிற சாதியினர் பலர் அறநிலையத் துறைக் கோயில்களில் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு! பண்பாட்டின் மீது ஓர் அரசியல்வாதி இதைவிட ஆழமாகக் கை வைக்க முடியுமா என்று தெரியவில்லை. இருந்தும் நம் பிள்ளைகளுக்குப் பெரிக்கிளிஸைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரியாது.

சிதம்பரத்தில் இப்போது அவருக்கு நினைவரங்கம் இருக்கிறது. மகிழ்ச்சி. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத தெற்குத்திட்டையில், 2020இல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர், ஒரு தலித் பெண், மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் படத்தை நாடே பார்த்தது, வழக்கும் பதிவாயிற்று. தேர்தல் நடந்தது, வாக்கு எண்ணப்பட்டது, தலைவர் பதவியேற்றார். நாற்காலி மட்டும் தரப்படவில்லை. அன்று பள்ளியில் தனிப் பானையை வைத்த கைதான் அந்த அறையிலும் நாற்காலிகளைப் போட்டிருக்கிறது.

1969ஆம் ஆண்டு அறிக்கை, எளிய தமிழில், கடலூர் மாவட்டத்தின் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் இருக்க வேண்டும் என்று இவ்விதழ் கேட்கிறது. பூட்டிய அலமாரியில் வேண்டாம், தலைவரின் மேசைமேல்.