சம்மதம் மட்டும் என்னுடையதாம்

கையெழுத்துப் போடுகிற வரைக்கும் நான் நிலத்துக்காரன். போட்ட மறுநாள் நான் யார்? எட்டு வருஷமாகக் கேட்கிறேன். யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊர் குப்பம் பக்கம். தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. கங்குந்தி ஜமீன் காலத்தில் தாத்தா உழுத பூமி. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் பட்டா எங்கள் பேருக்கு வந்தது. பூமிக்கு நடுவில் யானை முதுகு மாதிரி ஒரு கரும்பாறை. கடலைக்காய் காயப் போடவும் கேழ்வரகு அடிக்கவும் அதுதான் எங்களுக்குக் களம். ஏர் நுழையாத இடம் என்று அப்பா அதைத் திட்டிக்கொண்டே இருப்பார். அந்தச் சனியனுக்காகத்தான் ஒருநாள் வாசலில் கிரானைட் குவாரிக்காரர்களின் கார் வந்து நின்றது.

பேரம் பேசிய நாலு நாளும் என்னை மாதிரி ராஜா கிடையாது. ஒரு வார்த்தைக்கு மூன்று 'மாமா'. பட்டா நிலத்தில் குவாரி குத்தகை கேட்டால் பட்டாதாரின் சம்மதப் பத்திரம் வேண்டும். அடங்கல், 1-பி, பாஸ்புக் என்று நிலத்துக் காகிதம் எல்லாம் நான் கொடுக்க வேண்டும். அதனால்தான் அந்த மரியாதை. எனக்கு அது அப்போது புரியவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. எடுக்கிற கன மீட்டருக்கு இவ்வளவு என்று எழுது. ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 3 டன். கடலைக்காய் மாதிரி அடுத்த பட்டத்தில் மறுபடி முளைக்காது. சிரித்தார்கள். "கல்லுக்குக் கணக்கு கவர்மெண்டோடதான் மாமா. சீனியரேஜ் கட்டணத்தை அங்கே கட்டுவோம். உங்களுக்கு ஏக்கருக்கு ஒரு தொகை." அந்தத் தொகை என் சின்ன மகள் கல்யாணத்துக்குச் சரியாக இருந்தது. அதற்கு மேல் ஒரு பைசா மிஞ்சவில்லை. கல்யாணச் செலவு எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வந்தார்களோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

கிரானைட் குத்தகை 20 வருஷத்துக்குக் குறையக் கூடாது, 30-ஐத் தாண்டக் கூடாது என்று 1999-ஆம் வருஷத்து மத்திய விதி. கையெழுத்துப் போட்டபோது எனக்கு 58 வயது. முடியும்போது 78. இருந்தால்.

இன்னொன்றையும் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். டெட் ரெண்ட் என்று ஒன்று இருக்கிறது. குத்தகைக்காரன் கல் வெட்டினாலும் சரி, வெட்டாமல் போட்டு வைத்தாலும் சரி, வருஷத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கத்துக்குக் கட்டியே ஆக வேண்டும். அரசாங்கத்துக்குத் தன் பங்கைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. என் பத்திரத்தில் அப்படி ஒரு வரி எழுதச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. "நீயே குத்தகைக்கு மனு போட்டிருக்கலாமே" என்கிறார்கள். சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, கல் அறுக்க வயர் சா, தூக்க கிரேன். கடன் வாங்கி விதைக் கடலை எடுக்கிறவனிடம் சொல்கிற யோசனையா இது?

வெட்டுகிற கல்லெல்லாம் விலைக்குப் போகாது. கீறல் இருந்தால் கழிவு. அந்தக் கழிவு எங்கே போகும்? குத்தகைக்கு விடாத என் மிச்ச நிலத்தில், மலையாக. வரப்பு எங்கே என்று இப்போது எனக்கே தெரியாது. வெடி வைக்கிற நேரத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. போர்வெல் கலங்கிப்போய், பிறகு நின்றே போனது. பக்கத்தில் மல்பெரி வைத்திருந்தோம். இந்தச் சீமையில் பட்டுப்புழு வளர்த்துத்தான் பாதி வீட்டில் அடுப்பு எரிகிறது. தூசி படிந்த தழையைப் போட்டால் புழு தின்னாமல் தலை தூக்கித் தூக்கிப் பார்க்கும். ஒரு ஈடு புழுவை அப்படியே வாரிக் குப்பையில் கொட்டினாள் என் பெண்சாதி. அன்று அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மேல்பரப்பில் உண்டாகும் சேதத்துக்குக் குத்தகைக்காரர் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1957-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் 24ஏ பிரிவில் சொல்கிறதாம். மனு எழுதிக்கொண்டு சித்தூருக்கு எத்தனை முறை பஸ் ஏறினேன்! ஒரு மேஜை இன்னொரு மேஜையைக் காட்டும். அந்த மேஜை சாப்பிடப் போயிருக்கும்.

கடைசியில் திருப்பதியில் ஒரு வக்கீல்தான் உட்கார வைத்துப் பேசினார். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மலபாரில் ஜன்மி என்கிற பரம்பரை நிலக்காரர்கள் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. தெரசியம்மா ஜேக்கப் வழக்கு. நிலத்துக்கு அடியில் உள்ள கனிமம் எல்லாம் அரசாங்கத்துக்கே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; முறையான சட்ட வழியில் பறிக்கப்படாத வரை நிலம் யாருடையதோ அடியில் இருப்பதும் அவருடையதே என்று மூன்று நீதிபதிகள் எழுதினார்கள். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் அவர் மீதியைச் சொன்னார். ராயல்டி, அதாவது குவாரிக்காரன் அரசாங்கத்துக்குக் கட்டுகிற அந்த சீனியரேஜ் விவகாரத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. பெரிய அமர்வுக்கு விட்டுவிட்டது.

பெரிய அமர்வும் வந்தது. 2024 ஜூலை 25, ஒன்பது நீதிபதிகள். ராயல்டி வரி அல்ல என்று எட்டுப் பேர் சொன்னார்கள். கனிமம் எடுக்கும் உரிமைக்காகக் குத்தகைக்காரர் குத்தகை விட்டவருக்குக் கொடுக்கும் விலை அது என்றார்கள். நல்லது. அப்படியானால் என் பாறையைக் குத்தகை விட்டது யார்? சம்மதம் கொடுத்தது நான். விலை வாங்கியது அரசாங்கம். டெக்சாஸில் எண்ணெய்க்கு நிலம் விட்டால் எட்டில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு என்பது பழைய வழக்கம் என்றார் வக்கீல். எட்டில் ஒன்று வேண்டாம் சாமி, எண்பதில் ஒன்று கொடுங்கள் போதும்.

பக்கத்து நிலத்துக்காரருக்கு டி.கே.டி. பட்டா. அரசாங்கம் கொடுத்த பூமி, 1977 சட்டப்படி அப்போது விற்கவும் முடியாது; குவாரிக்கு அவர் சம்மதத்தை யாரும் கேட்கவும் இல்லை. ஊரில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "உன்கிட்டேயாவது கையெழுத்துக் கேட்டான்" என்கிறார். அதுவும் ஒரு பெருமையாம்.

பலமநேரிலும் வி.கோட்டாவிலும் கரும்பாறை வைத்திருப்பவர்களே, உங்கள் வாசலிலும் கார் வரும். கன மீட்டர் கணக்கு, கழிவு கொட்டுகிற இடம், குழியை மூடுகிற பொறுப்பு, இந்த மூன்றையும் எழுதாத பத்திரத்தில் கை வைக்காதீர்கள். 'மாமா' என்று கூப்பிட்டாலும் வைக்காதீர்கள். எனக்கு இன்னும் 12 வருஷம் பாக்கி இருக்கிறது.