வெள்ளத்தை அடக்கிவிட்டோமா?

மாணவர்களே, “மனிதன் ஆற்றை அடக்கிவிட்டான்” என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் நான் சிவப்புக் கோடு போடுகிறேன். காரணம், கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கம்.

2007இல் திறக்கப்பட்ட அதன் நீளம் 9.7 கிலோமீட்டர். கனமழையில் பெருகும் கிள்ளான் ஆற்று நீரைத் திருப்பி, நகர மையத்துக்கு அப்பால் தாமான் டேசா குளத்தில் சேர்க்கிறது. வெள்ளம் மிகுந்தால், சுரங்கத்தினுள் இருக்கும் கார்ச் சாலையையும் மூடித் தண்ணீருக்கே விட்டுவிடுவார்கள். இதில் வழிவிட்டது ஆறா, நாமா? (நெரிசலில் சிக்கிய அப்பாவைக் கேளுங்கள்!)

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. அங்கே ஸ்மார்ட் சுரங்கம் எட்டாது. தாழ்வான ஆற்றோரத்தில் புதிய வீடமைப்புக்கு அனுமதி கொடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும் என்பேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?