காலுக்குக் காவல்

வேட்டைக்காரர்களின் சொத்தாக இருந்தது கெய்ட்டர். பூட்ஸின் வாயிலிருந்து முழங்கால் வரை மூடும் உறை. இந்தியாவில் வேட்டைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) தடை போட்டுவிட்டது. இன்று இதைத் தேடுபவர்கள் மலையேறிகள்.

உத்தராகண்டின் கேதார்காந்தாவுக்கு (சுமார் 12,500 அடி) குளிர்காலத்தில் ஏறுபவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல. பூட்ஸுக்குள் புகும் பனி உருகிக் காலுறையை நனைக்கும், விரல்கள் மரத்துப்போகும். பனிக்கடி முற்றினால் விரலையே எடுக்க வேண்டிவரும்.

வாங்கும்போது நிறத்தைவிட அடிப்பக்கத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். பூட்ஸுக்கு அடியில் ஓடும் வார்தான் பாறையில் தேய்ந்து முதலில் அறும். கழற்றி மாற்றக்கூடிய வார் என்றால் உறை பல வருடம் உழைக்கும். அடுத்த பலவீனம் ஜிப். பனி உறைந்தால் நகராது. அதன்மேல் அகலமான வெல்க்ரோ மூடி அவசியம்.

கணுக்காலின் உட்புறத்தில் கனத்த நைலான் வேண்டும். உறைபனியில் வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டும் கிராம்பான் முட்கள் கிழிப்பது அங்கேதான். மேற்பகுதித் துணி வியர்வையை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பனி செய்யாததை வியர்வை செய்துவிடும்.

மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இதே சோதனைதான். வார், ஜிப், தையல் என மூன்றையும் இழுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. பாதி வழியில் மாற்றித் தர அங்கே கடை இல்லை.