சேட்டை என்னும் சொல்லும் சபையின் மௌனமும்

நம் நாளேடுகளில் அடிக்கடி காணப்படும் சொல்லொன்று என் மனத்தை நெடுநாளாக உறுத்தி வருகின்றது. 'அங்கசேட்டை' என்பதே அச்சொல். பேருந்திலோ, தனியார் வகுப்பிலோ, உறவினர் வீட்டிலோ, கோயில் வளவிலோ ஒருவன் ஒரு பெண்ணின் உடலை அவள் விருப்பமின்றித் தீண்டினால், 'அங்கசேட்டை புரிந்தார்' என்று செய்தி வருகின்றது. வடமொழியில் அசைவு, செயல் என்று பொருள்பட்ட சொல், தமிழிலே குறும்பு என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. அயல் வளவு மாமரத்துக்குச் சிறுவன் கல்லெறிவதும் சேட்டை. ஒருத்தியின் உடலையும் மானத்தையும் அவமதிப்பதும் சேட்டை. குற்றத்துக்குக் குறும்பின் பெயரைச் சூட்டினால், கேட்பவர் முறுவலிப்பர். சொல்லவேண்டியவளோ நாணித் தலைகுனிவாள்.

இது சிலருக்கு மட்டும் நேரும் தீங்கன்று. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கை முழுவதும் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, பேருந்துகளிலும் புகையிரதங்களிலும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளான பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். அவர்களுள் பொலிசாரிடம் முறையிட்டவர்களோ நூற்றுக்கு நால்வர் மட்டுமே. பருத்தித்துறைப் பேருந்திலும் காரைநகர்ப் பேருந்திலும் நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் நம் பெண்பிள்ளைகள் இக்கணக்கிற்குப் புறம்பானவர்கள் அல்லர். சட்டம் இல்லாமலும் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. சொல்லாலோ செயலாலோ செய்யப்படும் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கின்றது. சட்டம் இருந்தும் ஏன் இந்த மௌனம்? பாதிக்கப்பட்டவள் முதலில் நாடுவது சட்டத்தையன்று. தன் தாயை, ஆசிரியையை, கிறிஸ்தவப் பெண்ணாயின் தன் பங்குக் குருவை அல்லது போதகரை. அங்கே அவள் கேட்கும் முதற்சொல்லே அடுத்த படியைத் தீர்மானிக்கின்றது.

அந்த முதற்சொல் பெரும்பாலும் எதுவாக இருக்கின்றது? 'பொறுத்துக்கொள் பிள்ளை, ஆண்டவருக்காக மன்னித்துவிடு, வெளியிலே சொல்லாதே, நாளைக்கு உன் கலியாணம் பேசவேண்டும்' என்பதே. என்னிடம் பயின்ற மாணவியொருத்தி, தன் சபையின் மூப்பர் ஒருவர் இவ்வாறே கூறியதாகச் சொல்லி அழுதாள். அவர் கொடியவர் அல்லர். அன்பினாலேயே அப்படிச் சொன்னார் என்றே நம்புகிறேன். ஆயினும் அன்போடு சொல்லப்பட்ட அநீதியும் அநீதியே.

இவ்வறிவுரை கிறிஸ்தவத்தின் குரல் அன்று என்பதே என் கருத்து. சாமுவேலின் இரண்டாம் ஆகமத்தில் தாவீது அரசனின் மகள் தாமாரின் வரலாறு உண்டு. அம்னோன் நோயாளிபோல் நடித்து, தன் தந்தையின் மகளைத் தன் அறைக்கு வரவழைத்துக் கெடுத்தான். அவள் மறுத்தாள், நியாயம் எடுத்துரைத்தாள், பயனில்லை. பின்னர் அவள் வாய்மூடி இருக்கவில்லை. தலையில் சாம்பலை அள்ளிப்போட்டு, ஆடையைக் கிழித்து, ஊரறியக் கதறிச் சென்றாள். அவளை மௌனமாயிருக்கச் சொன்னவன் உடன்பிறந்தானாகிய அப்சலோம். அரசனோ சினந்தான், ஆயினும் நீதி வழங்கவில்லை. விளைந்தது என்ன? ஈராண்டு கழிந்து அம்னோன் கொலையுண்டான். பின்னர் நாடே உள்நாட்டுப் போரில் மூழ்கியது. குடும்ப மானத்துக்காகக் கேட்கப்பட்ட மௌனம் குடும்பத்தையும் காக்கவில்லை, நாட்டையும் காக்கவில்லை. வேதாகமம் மறைக்காத இவ்வரலாறு ஞாயிறு வழிபாட்டிலே வாசிக்கப்பட நான் ஒருபோதும் கேட்டதில்லை.

'அவளிடத்தும் ஏதோ குறை இருந்திருக்கும்' என்று கூறுவோர்க்கும் விடை உண்டு. வயல்வெளியில் வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் குற்றமே இல்லை என்று உபாகமச் சட்டம் தீர்க்கின்றது. அவள் நிலையைக் கொலையுண்டவனின் நிலைக்கு அது ஒப்பிடுகின்றது. கொலையுண்டவனைப் பார்த்து 'நீ ஏன் அவ்வழியே போனாய்?' என்று யாரேனும் வினவுவரோ? கி.பி. 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது மானபங்கப்பட்ட கிறிஸ்தவப் பெண்களை ஊரார் பழித்தனர். அர்ச். அகுஸ்தீன் தமது 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் முதற்பாகத்திலேயே அவர்கள் பக்கம் நின்று வாதிட்டார். கற்பு என்பது உள்ளத்தின் பண்பு. உள்ளம் இசையாத வரையில் பிறனுடைய செயல் அதனைக் கறைப்படுத்தாது என்பது அவர் முடிபு. ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயர் தெளிந்து கூறியதை, இன்று நம் அயலார் தெளியவில்லையே!

கத்தோலிக்கப் பெண்பிள்ளைகள் சிலர் இதனைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் தம் பாவமாகச் சொல்வதுண்டு. அவ்வேளை குருவானவர் செய்யவேண்டிய முதற்பணி, 'மகளே, இது உன் பாவமன்று' என்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்வதே. தபசு விதிப்பதற்கு அங்கே எதுவுமில்லை. அவள் நம்பும் ஒருவரிடம் அத்தொட்டிக்கு வெளியேயும் இதைச் சொல்ல அவர் அவளுக்குத் துணிவளிக்க வேண்டும்.

'ஆனால் மன்னிப்பு?' என்று வினவலாம். மன்னிப்பு கிறிஸ்தவத்தின் நெஞ்சு என்பதை மறுப்பேனல்லேன். ஆயின் மன்னிக்கும் உரிமை காயப்பட்டவளுக்கே உரியது. அருகே நிற்பவர் கட்டளையிட்டு அதனை வாங்கித்தர முடியாது. காலமும் அவளுடையதே. மன்னிப்பு நீதிக்கு எதிரானதுமன்று. மறுகன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசு பெருமானே, தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் அறைந்தபோது, எதற்காக அடித்தாய் என்று அவனையே வினவினார் என யோவான் எழுதுகின்றார். நியாயம் கேட்பது அன்புக்கு மாறன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆறுதல் கூறுவோருக்கும் பயிற்சி வேண்டும். போர்க்காலத்திலே யாழ்ப்பாணம் உளவளத்துணை என்னும் கலையைத் துன்பத்தின் நடுவே கற்றுக்கொண்டது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' எழுதியதும், 'சாந்திகம்' போன்ற நிலையங்கள் பணிபுரிந்ததும் அக்காலத்திலேயே. அவ்வனுபவம் நமக்கு உணர்த்துவது எளிது: முதலில் கேள், குறுக்கிட்டு விசாரிக்காதே, நம்பு, அவள் இசைவின்றி எதையும் செய்யாதே. செபிக்கும்போது தலைமேல் கைவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. விருப்பமில்லாத கையால் நொந்தவளுக்கு அக்கையும் அச்சம் தரலாம்; அனுமதி கேட்டபின்னரே வைக்கவேண்டும், அன்றேல் கைகூப்பிச் செபித்தாற் போதும். முறையிட விரும்பின் பொலிஸ் நிலையத்துக்கு உடன் செல்லவேண்டும். பெண்களுக்கு 1938, சிறுவர்க்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கங்கள் கோயில் அறிவித்தற் பலகையிலே, திருமண அறிவித்தல்களின் அருகே தொங்கட்டும். பாதிக்கப்பட்டவர் சிறுபிள்ளையாயின், 'பார்ப்போம்' என்று காலங்கடத்த எவருக்கும் உரிமையில்லை.

தீங்கிழைத்தவன் சபைக்குள்ளேயே இருந்தால்? அப்போதுதான் சபையின் உண்மை வெளிப்படுகின்றது. பாப்பரசர் பிரான்சிஸ் 2019இல் பிறப்பித்த ஆணை, இத்தகைய குற்றத்தை அறியவரும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்றும், முறையிட்டவர்மீது மௌனத்தைச் சுமத்தலாகாது என்றும் விதித்தது. 2023இல் அது நிலையான சட்டமாயிற்று. உரோமாபுரியில் எழுதப்பட்டது நம் ஊர்ப் பங்குமனையின் மேசை வரை வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. ஏனைய சபைகளும் இதனைத் தம்மிடமே வினவுதல் நன்று.

1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார், 1824இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினர். வேதாகமத்தைத் தமிழாக்கிய பேர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுக நாவலர் துணைநின்றதும் இம்மண்ணிலேயே. பெண்ணுக்கு எழுத்தையும் வேதத்துக்கு நல்ல தமிழையும் தந்த யாழ்ப்பாணம், தனக்கு நேர்ந்ததை அவள் தயங்காது சொல்வதற்கு ஏற்ற சொல்லையும் தரக் கடமைப்பட்டதன்றோ? ஆசிரியர்களே, மாணவர் கட்டுரையிலே 'சேட்டை' என்று வருமிடத்தில் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'குற்றம்' என்று திருத்துங்கள். குருமாரே, போதகர்களே, தாமாரின் வரலாற்றை ஒரு ஞாயிறு பீடத்தில் நின்று உரக்க வாசியுங்கள். பின்வரிசையில் இருக்கும் யாரோ ஒருத்தி, தான் சொன்னால் கேட்பதற்கு இங்கு ஒருவர் உண்டென்று அன்று அறிந்துகொள்வாள்.