பி.காம். மாணவரின் வெற்றியை எது தீர்மானிக்கிறது?

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் தமிழகத்தின் கலை அறிவியல் கல்லூரிகளில் இடத்துக்குப் பெரும் போட்டி நிலவும் படிப்புகளில் பி.காம். முக்கியமானது. அந்தப் போட்டியில் மதிப்பெண்தான் முக்கிய அளவுகோல். நல்ல மார்க் வாங்கியவர்கள் எப்படியும் கரையேறிவிடுவார்கள் என்பது பெற்றோர், ஆசிரியர் இரு தரப்பினரின் நம்பிக்கை. ஆனால், முதல் செமஸ்டரிலேயே கணக்கியல் தாளில் அரியர் வைப்பவர்களில் பள்ளியில் நன்றாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

பள்ளி மதிப்பெண்ணுக்கும் கல்லூரித் தேர்ச்சிக்கும் தொடர்பு உண்டு. ஆனால், அதைவிட வலுவான காரணிகளும் இருக்கின்றன. வகுப்புக்கு வருவதற்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து மார்க்கஸ் கிரெடே குழுவினர் 2010இல் வெளியிட்ட பகுப்பாய்வு, பள்ளி மதிப்பெண், நுழைவுத் தேர்வு, படிக்கும் பழக்கம் ஆகியவற்றைவிட வருகையே கல்லூரி மதிப்பெண்ணைத் துல்லியமாக முன்னறிவிக்கிறது என்றது. மிஷெல் ரிச்சர்ட்சன் குழுவினரின் 2012ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், ‘இந்தத் தேர்வில் என்னால் இவ்வளவு எடுக்க முடியும்’ என்ற தன்னம்பிக்கை முதலிடம் பிடித்தது.

வணிகவியலில் வருகைக்கு இத்தனை மதிப்பு இருப்பதற்குப் பாடத்தின் அமைப்பே காரணம். குறிப்பேட்டுப் பதிவு புரியாதவருக்குப் பேரேடு புரியாது. பேரேடு தவறினால் இருப்பாய்வு சமன்படாமல் போகலாம். அது சமன்படாமல் இறுதிக் கணக்குகளுக்குப் போவது கடினம். தொடக்கத்தில் இரண்டு வாரம் வகுப்பைத் தவறவிட்டவர், மீதி செமஸ்டர் முழுவதும் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். கடைசி நேரத்தில் கைடில் உள்ள தீர்வுகளை வாசிப்பதும் உதவாது. பார்த்தால் புரிந்ததுபோலிருக்கும் கணக்கு, தேர்வறையில் வெற்றுத்தாளில் வராது. புத்தகத்தை மூடிவிட்டுத் தானே போட்டுப் பார்ப்பதும், அதை நாள்விட்டு நாள் செய்வதுமே பாடத்தை மனதில் நிறுத்தும் என்பதைக் கற்றல் உளவியல் உறுதிப்படுத்தியிருக்கிறது.

வகுப்புக்கு வராதவரைச் சோம்பேறி என்று முத்திரை குத்துவது எளிது. காலையில் கல்லூரி, மாலையில் கடை வேலை என்று ஓடும் பிள்ளைகள் எத்தனை பேர்! தீபாவளி நெருங்கும்போது ஜவுளிக்கடைகளில் ஆள் தேவை கூடுகிறது. செமஸ்டர் தேர்வும் அதையொட்டியே வருகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலைப் புரட்டும் முதல் தலைமுறை மாணவர், சந்தேகம் கேட்கவே கூச்சப்பட்டு மெல்ல மெல்ல வகுப்பிலிருந்து ஒதுங்குகிறார். தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாய் பணச்சுமையைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆனால், ஒதுங்கும் மாணவரைக் கவனித்துக் கூப்பிட வேண்டிய வேலை கல்லூரியுடையது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் அந்த வேலையை முறையாகச் செய்துகாட்டியது. வசதியற்ற குடும்பத்து மாணவர்கள் ஏராளமாகப் படிக்கும் அங்கே, 2003இல் பட்டம் முடித்தவர்கள் 32 சதவீதம் மட்டுமே. முதன்மைப் பாடத்தின் முதல் தாளில் சுமாரான மதிப்பெண் எடுத்தவர்கள் பின்னர் பெருமளவில் தடுமாறுவதை அந்தப் பல்கலைக்கழகம் தன் பழைய பதிவேடுகளிலிருந்தே கண்டறிந்தது. 2012 முதல் இத்தகைய அறிகுறிகள் தெரிந்த உடனேயே வழிகாட்டி ஒருவர் மாணவரை அழைத்துப் பேசினார். கூடுதல் வழிகாட்டிகள் நியமிக்கப்பட்டார்கள். கட்டணத்தில் சிறு தொகையைக் கட்ட முடியாமல் வெளியேறவிருந்தவர்களுக்கு உதவி கிடைத்தது. இவையெல்லாம் சேர்ந்து, பட்டம் முடிப்பவர்களின் விகிதத்தைப் பாதிக்கு மேல் உயர்த்தின.

நம் கல்லூரிகளிடமும் வருகைப் பதிவேடு இருக்கிறது, உள்மதிப்பீட்டுத் தேர்வு இருக்கிறது. 75 சதவீத வருகைக் கணக்கோ, பெரும்பாலும் தேர்வெழுத அனுமதிப்பதா வேண்டாமா என்று செமஸ்டர் முடிவில் பார்க்கும்போதுதான் பேசப்படுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நான்காவது வாரத்தில் குறிப்பேட்டுப் பதிவில் ஒரு சிறு தேர்வு வைத்து, தடுமாறுபவர்களுக்கு வாரம் ஒருமுறை தனியாகக் கணக்குப் போடும் நேரம் ஒதுக்கலாம். இறுதியாண்டு மாணவர்கள் அதில் துணைநிற்கலாம். இதற்கு ஆசிரியர் வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு சமாளிக்கும் அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் மாணவரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

யார் தோற்பார் என்று முன்கூட்டியே கணித்து, அவருக்கு இடம் மறுப்பதற்கும் இதே புள்ளிவிவரங்களைப் பயன்படுத்த முடியும். அந்த வழியில் போகும் கல்லூரி தன் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்றிக்கொள்ளும், தன் கடமையைக் கைவிடும். தடுமாறக்கூடியவர் யார் என்று நான்காவது வாரத்திலேயே தெரிந்திருந்தும் உதவாமல் இருந்தால், நவம்பரில் அவர் வைக்கும் அரியரில் கல்லூரிக்கும் பங்குண்டு.