பழைய வாட்ச்சா, புது வாட்ச்சா? முதல்ல டேப்பை எடுடா மாப்ள!

இந்த வாரம் பயிர் பத்தி எழுதல. ஒரு மாசமா எங்க வீட்டுல நடந்த வாட்ச் பஞ்சாயத்தைப் பத்தி எழுதறேன். ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஓடிப் பழகுற பசங்க உங்க வீட்டுலயும் இருப்பாங்க, அவங்களுக்கு உதவும்.

எங்க அக்கா மகன் அக்னிவீர் தேர்வுக்கு எழுதியிருக்கான். வயசு 20. வயசு வரம்பு நெருங்கறதால இந்தத் தடவை விட்டா அனேகமா அவ்வளவுதான். எழுத்துத் தேர்வு முடிஞ்சுது, ஓட்டம்தான் பாக்கி. 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 நொடிக்குள்ள முடிச்சா 60 மார்க். 5.31-லேருந்து 5.45-க்குள்ள வந்தா 48 மார்க். அதாவது ஒரே ஒரு நொடி தாமதத்துக்கு 12 மார்க் போயிடும்.

அவன் கையில ஒரு பழைய ஜி.பி.எஸ். வாட்ச் இருக்கு. கார்மின் ஃபோர்ரன்னர் 235, 2015-ல வந்த மாடல். பக்கத்துத் தெருவுல இருக்கற ரிட்டயர்டு ராணுவக்காரர் கொடுத்தது. இவன் கேக்கறது 2024-ல வந்த ஃபோர்ரன்னர் 165. பளிச்சுன்னு கலர் திரை, தொட்டா நகரும். விலை அப்ப முப்பதாயிரத்தைத் தாண்டுச்சு. அக்கா தோட்டை அடகு வைக்கலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டா. "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா வாங்கிக் குடுத்துடும்"னு என்கிட்ட வந்து நின்னான். நான் வேண்டாம்னுட்டேன். கஞ்சத்தனம்னு அவன் நெனச்சான். காரணம் வேற.

ஜி.பி.எஸ்.ங்கறது சுமார் இருபதாயிரம் கிலோமீட்டர் உசரத்துல சுத்தற செயற்கைக்கோள்கள்கிட்டேருந்து வர்ற சிக்னலை வச்சு இடத்தைக் கணக்குப் போடறது. குறைஞ்சது நாலு கோளாவது கண்ணுக்குத் தெரியணும். அப்பவும் சில மீட்டர் முன்ன பின்னதான் காட்டும். அந்தப் புள்ளிகளைக் கோடா இழுத்துத்தான் வாட்ச் தூரம் சொல்லுது. இது எனக்கு எப்படித் தெரியும்னா, மேலவயலைப் போன்ல அளந்து பாத்திருக்கேன். ஒரு நாள் 52 சென்ட் காட்டுச்சு, மறுநாள் 56. பத்திரத்துல இருக்கறது 54. போன் பொய் சொல்லல, அதோட துல்லியம் அவ்வளவுதான். அதை நம்பி வரப்பு வெட்டினா பங்காளிச் சண்டைதான் வரும்.

இப்ப ஓட்டத்துக்கு வருவோம். நூத்துக்கு ரெண்டு பங்கு பிசகுன்னு வைங்க. 1,600 மீட்டர்ல 32 மீட்டர். பையன் ஓடினது 1,568 மீட்டர், வாட்ச் 1,600-ன்னு சொல்லிடுது. நேரம் 5.28. ஜெயிச்சுட்டேன்னு சந்தோஷமா உக்காந்துடறான். மீதி 32 மீட்டரை அவன் வேகத்துல ஓடியிருந்தா இன்னும் ஆறேழு நொடி. நெஜமான நேரம் 5.35. அது 48 மார்க் கணக்கு. மைதானத்துலதான் அது தெரியவரும்.

அதனால நான் வாங்கச் சொன்னது வாட்ச் இல்ல, 30 மீட்டர் டேப்பு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வாய்க்கா கரையில ரெண்டு பேரா டேப்பு பிடிச்சோம். 26 டேப்பு, அதுக்கு மேல 20 மீட்டர். ஆக 800 மீட்டர். ரெண்டு முனையிலயும் கல்லு நட்டு, நடுவுல 200 மீட்டருக்கு ஒரு மரத்துல சுண்ணாம்பு அடிச்சோம். போய்த் திரும்பினா 1,600. திரும்பற இடத்துல ஒரு நொடி ரெண்டு நொடி போகும், அது நமக்கு நல்லதுதான்.

அந்தக் கரையில பழைய வாட்ச்சைக் கட்டிக்கிட்டு ஓட விட்டேன். ஒரு நாள் 1.57 காட்டுச்சு, ஒரு நாள் 1.63. தென்னந்தோப்பு மூடின பக்கம்தான் ரொம்பத் தடுமாறுது. அவன் கூட்டாளி ஒருத்தன் புது வாட்ச் வச்சிருக்கான், அதையும் வாங்கிக் கட்டிப் பாத்தோம். 1.59, 1.61. உண்மையை ஒத்துக்கறேன், புதுசுதான் மேல். ஆனா அதுவும் டேப்பு ஆகாது. கல்லு நட்ட பிறகு தூரத்துக்கு எந்த வாட்ச்சும் வேண்டாம். நேரம் பாக்கணும், ஒவ்வொரு சுண்ணாம்பு மரத்துலயும் லேப் பட்டனை அமுக்கணும். 5.30-க்கு 200 மீட்டருக்கு 41 நொடி சொச்சம். இவன் முதல் 200-ஐ 36-ல ஓடிட்டு கடைசியில 45-க்கு விழறான். இதைக் காட்டிக் குடுத்தது அந்தப் பழைய வாட்ச்சோட பட்டன்தான். நொடியைப் பொறுத்தவரைக்கும் பழசும் புதுசும் ஒண்ணுதான்.

நாடித்துடிப்பும் அப்படித்தான். வேகத்தை ஏத்தி ஏத்தி இறக்கறப்ப மணிக்கட்டுல படிக்கற கணக்கு பின்தங்கும், வியர்வையில வார் நழுவினா இன்னும் மோசம். தேவைன்னா நெஞ்சுல கட்டற பெல்ட்டு வாங்கலாம். 235-க்கு ஆன்ட் பிளஸ் உள்ள பெல்ட்டுதான் சேரும், வெறும் புளூடூத் பெல்ட்டு வாங்கி ஏமாறாதீங்க. ஓய்வு எப்ப எடுக்கணும்னு புது வாட்ச் சொல்லுமாம். காலையில எழுந்திருக்கறதுக்கு முன்னாடி படுத்தபடியே ஒரு நிமிஷம் நாடி எண்ணி நோட்டுல எழுதச் சொல்லியிருக்கேன். வழக்கத்தை விட நல்லா ஏறியிருந்தா அன்னிக்கு மெதுவா ஓடு, இல்ல ஓடாத.

புதுசு யாருக்கு வேணும்? மாடிக் கட்டடங்களுக்கு நடுவுல, மலைப்பாதையில ஓடறவங்களுக்கு. அவங்களும் ரெட்டை அலைவரிசை உள்ளதாப் பாத்து வாங்கணும். 2023-ல வந்த 265-ல அது உண்டு, இவன் கேட்ட 165-ல கிடையாது. புதுசுன்னா எல்லாம் இருக்கும்னு அர்த்தம் இல்ல. மாரத்தான் ஓடறவங்களுக்கு பேட்டரி முக்கியம், கிழட்டு பேட்டரி பாதி வழியில கைவிட்டுடும். கையில வாட்ச்சே இல்லாதவன், காசு இருந்தா, புதுசு வாங்கறதுல தப்பு இல்ல. அடகு வச்சு வாங்கறதுதான் தப்பு.

பழசு வாங்கறதா இருந்தா மாடு பாக்கற மாதிரி பாத்து வாங்குங்க. ஜி.பி.எஸ். போட்டு ஒரு மணி நேரம் நடந்து பாருங்க. 235 புதுசா இருந்தப்ப 11 மணி நேரம் வரும்னு சொன்னது, அதாவது மணிக்கு 9 சதவீதம் இறங்கணும். 20 இறங்குச்சுன்னா பேட்டரியில பாதி உயிர் போயிடுச்சு. பின்பக்கம் சார்ஜ் ஏத்தற புள்ளிகள்ல பச்சை பிடிச்சிருக்கான்னு பாருங்க. எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாருங்க. தேதி சரியா காட்டுதான்னு பாருங்க. ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியா 2019 ஏப்ரல்ல திரும்புச்சு. அதுக்கு அப்புறம் சாப்ட்வேர் புதுப்பிக்காத பழைய கருவிகள் தேதியில உளறும். வாங்கின பிறகு அப்பப்ப போனோட இணைச்சு வைங்க, இல்லன்னா கோளைப் பிடிக்கவே நேரம் எடுக்கும். பிடிச்ச பிறகு ஓட ஆரம்பிங்க, பசங்க அவசரத்துல ஓடிட்டு வாட்ச்சைத் திட்டறாங்க.

அக்கா தோடு இப்ப காதுலயேதான் இருக்கு. ஒரு நல்ல ஷூ வாங்கிக் குடுத்தோம். தினம் ரெண்டு முட்டை, ஊற வச்ச கடலை. தேஞ்சு போன ஷூவுல ஓடி முழங்காலுக்குக் கீழ வலின்னு போன மாசம் பத்து நாள் படுத்தவன் அவன், அதுக்கு வாட்ச்சுல மருந்து இல்ல.

நேத்து காலையில கல்லுக்குக் கல்லு 5.41. இன்னும் 11 நொடி. அவன் முகத்துல கோவம் கொஞ்சம் இருக்கு. இருக்கட்டும். நாளைக்கு விடியக்காலை அஞ்சு மணிக்கு டார்ச் லைட்டோட கரையில நிப்பேன். முதல் 200-ஐ 40-க்குக் கீழ ஓடினா அங்கேயே நிறுத்திடுவேன்னு சொல்லியிருக்கேன்.